பிடுங்குதல் என்றொரு வினைச்சொல்

பல்லுக்கென்று தமிழில் வழங்கும் வினைச்சொற்கள் பல. பல் முளைக்கும், ஆடும், கூசும், சொத்தையாகும், விழும். மருத்துவர் கைக்குப் போனதும் இவையெல்லாம் அடங்கி ஒரேயொரு வினை எஞ்சுகிறது: பிடுங்குதல். களையைப் பிடுங்குவதும் ஆணியைப் பிடுங்குவதும் எதுவோ, பல்லைப் பிடுங்குவதும் அதுவே. ஓர் இழுப்பு, ஒரு வலி, அத்தோடு முடிந்தது. ஞானப்பல் எடுத்துக்கொண்டு வருகிறவரிடம் ஊர் கேட்பதும் 'பிடுங்கியாச்சா?' என்பதைத்தான். எப்படி எடுத்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. அப்படி ஒரு கேள்விக்கு இடமிருக்கிறது என்பதையே அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. நாங்கள் எழுத முற்பட்டிருப்பது அந்த 'எப்படி'யைப் பற்றி.

நாங்கள் என்பது பரவையில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூடிப் புத்தகங்களைப் பேசுகிற பத்துப் பன்னிரண்டு பேர். மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் சாலையில், விளாங்குடிக்கும் சமயநல்லூருக்கும் இடையில் வைகையை ஒட்டிய ஊர் இது. எங்களில் ஆசிரியர்கள் உண்டு, காய்கறிச் சந்தையில் கணக்கெழுதுபவர் உண்டு, அதே சந்தையில் மூட்டை இறக்குபவரும் உண்டு. கடந்த சில ஆண்டுகளில் எங்களில் ஐந்து பேர் கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுவை செய்து எடுத்துக்கொண்டோம். ஐந்தும் ஐந்து விதமாய் ஆறின. ஒருவர் மூன்றாம் நாளே வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினார். இன்னொருவருக்குக் கன்னம் கண்ணை மறைக்கும் அளவு வீங்கியது. மூன்றாமவருக்கு முதல் மூன்று நாள் சுகம், நான்காம் நாள் இரவில் காது வரை இழுக்கிற வலி. நான்காமவருக்கு இரண்டு வாரம் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. ஐந்தாமவரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

இந்த வேறுபாட்டுக்கு ஊர் தரும் விளக்கங்கள் நாம் அறிந்தவையே. உடம்பு வாகு. சூட்டு உடம்பு. வாயைக் கட்டவில்லை. நேரத்துக்கு மாத்திரை போடவில்லை. எல்லா விளக்கமும் நோயாளியிடமே வந்து முடியும். ஐந்து உடம்புகள் வேறு என்பது உண்மை. ஐந்து பற்களும் எலும்புக்குள் வேறு வேறு விதமாய்க் கிடந்தன என்பதும் உண்மை. ஐந்து அறுவைகளும் வேறு வேறு முறையில் நடந்தன என்பதும் அதே அளவு உண்மை. அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்களுக்குள் பேசிப் பார்த்தபோது எந்த ஒருவருக்கும் தன் வாய்க்குள் என்ன செய்யப்பட்டது என்று சொல்லத் தெரியவில்லை என்பதுதான் வெளிப்பட்டது. நாவலில் பாத்திர வளர்ச்சியைப் பற்றி மூன்று மணி நேரம் வாதாடுகிறவர்கள் நாங்கள். ஆகவே கொஞ்சம் படித்தோம், அறிந்த பல்மருத்துவர்களிடம் கேட்டோம்.

ஞானப்பல் என்னும் பெயர் பல மொழிகளில் இதே பொருளில் வழங்குவது. இலத்தீனில் அறிவின் பல், அரபியில் புத்தியின் பல். மனிதருக்கு இருபது வயதளவில் கடைசியாக வரும் கடைவாய்ப் பற்களைப் பற்றி அரிஸ்டாட்டிலும் எழுதியிருக்கிறார். எண்பது கடந்த சில பெண்களுக்கு வாழ்வின் அந்திமத்தில் பெரும் வலியோடு அவை முளைத்ததுண்டு என்பது அவர் தரும் செய்தி. மற்றப் பற்கள் இடம் பிடித்துக்கொண்ட பிறகு வருவதால் பலருக்கும் தாடையில் அதற்கு இடமிருப்பதில்லை. முன்பல்லின் மேல் சாய்ந்தோ, படுத்தோ, பாதி ஈறுக்கும் எலும்புக்கும் உள்ளேயோ சிக்கிக்கொள்கிறது. அது சிக்கிய விதத்தை வகைப்படுத்த 1926இல் ஜார்ஜ் விண்டர் ஓர் இலக்கணம் வகுத்தார். 1933இல் பெல், கிரெகரி என்னும் இருவர் இன்னொன்றை வகுத்தார்கள். பல்மருத்துவ மாணவர்கள் இன்றும் இவ்விரண்டையும் படிக்கிறார்கள். ஆக, பல் கிடக்கும் கிடை பற்றி மருத்துவத்துக்கு நூறாண்டு மொழி இருக்கிறது. நோயாளிக்கு இருப்பது ஒரு வினைச்சொல் மட்டும்.

அறுவையை அதன் வரிசையில் பார்ப்போம். முதலில் ஈறு. பல்லை மூடியிருக்கும் ஈற்றைக் கீறி, மடலாக விலக்கினால்தான் எலும்பு தெரியும். இந்தக் கீறலில் இரண்டு வழிகள் பெருவழக்கு. அடுத்த பற்களின் கழுத்தை ஒட்டியே கீறிக்கொண்டு போய் அஞ்சல் உறையின் வாயைத் திறப்பதுபோல் விலக்குவது ஒன்று. அதனோடு கன்னத்தை நோக்கிச் சாய்வாக இன்னொரு கீறலும் போட்டு, முக்கோண மடலாக விலக்குவது மற்றொன்று. கேட்பவருக்கு இரண்டாவது கூடுதல் காயமாகத் தோன்றும். ஆனால் இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், முக்கோண மடலில் முதல் நாள் வலி சற்றுக் குறைவாகவும், பின்னால் வரும் 'டிரை சாக்கெட்' தொல்லை குறைவாகவும் இருக்கக்கூடும் என்று தெரிகிறது. அதற்கு விலையாக வீக்கம் கொஞ்சம் கூடலாம்.

டிரை சாக்கெட் என்பதுதான் எங்கள் மூன்றாமவரின் நான்காம் நாள். பல் எடுத்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு மூடியாக நிற்க வேண்டும். அந்த உறைவின் அடியில்தான் புதுத் திசு வளரும். உறைவு கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வெறுமையாகக் காற்றுக்கும் உணவுக்கும் திறந்து கிடக்கும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் கிளம்பும் இந்த வலிக்கு வழக்கமான மாத்திரைகள் எளிதில் கட்டுப்படுவதில்லை. குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜினால் கலந்த மருந்தை வைப்பது வெகுகால வழக்கம். பாட்டிமார் பல்வலிக்குக் கிராம்பை வைத்து அடக்கியதும் இந்தச் சாரத்தின் வேலைதான். புகைபிடிப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்பதும், முதல் நாளே ஓங்கிக் கொப்பளிப்பதும் உறிஞ்சுகுழலில் குடிப்பதும் கூடாது என்பதும் எல்லா மருத்துவரும் சொல்வது. மதுரைக்காரர் ஜிகர்தண்டாவை இந்த நாட்களில் மருந்தாகக் கொள்வதில் எங்களுக்கு மறுப்பில்லை. கரண்டியால் மெல்ல அள்ளிச் சாப்பிட்டால் போதும்.

அடுத்தது எலும்பு. பல்லைச் சுற்றியிருக்கும் எலும்பில் ஒரு பகுதியை நீக்காமல் பல் வெளிவராது. உளியும் சுத்தியும் கொண்டு பெயர்த்த காலம் ஒன்று உண்டு. இப்போது பெரும்பாலும் சுழலும் துளைமுனைதான். வேகமாய்ச் சுழல்வது சூடேறும். முயல் எலும்பில் செய்த சோதனையில் 47 பாகை செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புத் திசு பாதிக்கப்படுவதை 1983இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அறுவையின்போது வாய்க்குள் இடைவிடாமல் உப்புநீர் பாய்ச்சிக்கொண்டே இருப்பது அதற்காகத்தான். நாங்கள் அதை வாய் கழுவுவதாகவே நினைத்திருந்தோம். கேளா ஒலியின் அதிர்வில் எலும்பை மட்டும் அறுத்து, மென்திசுவைப் பெரும்பாலும் விட்டுவிடும் பியசோ கருவி பின்னர் வந்தது. அதனால் வீக்கமும் வாய் திறக்க இயலாமையும் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நேரம் கூடுதலாகும், செலவும் ஏறும்.

எலும்பை எவ்வளவு குறைவாக நீக்க முடியும் என்பது பல்லை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. முழுப் பல்லையும் ஒரே துண்டாக வெளியே கொண்டுவர வேண்டுமானால் வாசல் பெரிதாக வேண்டும். பல்லை உள்ளேயே இரண்டாக மூன்றாகப் பிளந்து, துண்டு துண்டாக எடுத்தால் சிறிய வாசல் போதும். மேலே சொன்ன பெல்லும் கிரெகரியும் பல்லைப் பிளந்தெடுக்கும் முறையில் தங்கள் பத்தாண்டு அனுபவத்தை 1942இல் அறிக்கையாக வெளியிட்டார்கள். எலும்பைக் காப்பாற்றப் பல்லை உடைக்கும் இந்த ஏற்பாடு எங்களுக்குப் பிடித்திருந்தது. எப்படியும் போகப்போவது பல். தங்கப்போவது தாடை.

மூன்றாவது, நாக்குப் பக்கம். எங்கள் ஐந்தாமவரின் கதை இங்கே வருகிறது. அவர் கூட்டங்களில் கவிதை வாசிப்பவர். எந்தப் பனுவலையும் உரக்க வாசித்துக் கேட்டால்தான் அதன் தரம் தெரியும் என்ற கட்சிக்காரர். அறுவைக்குப் பின் மரப்பு ஊசியின் வேகம் தணிந்தும் அவருடைய நாக்கின் ஒரு பாதி விழிக்கவில்லை. சுவை தெரியாது, சூடு தெரியாது, கடித்தாலும் தெரியாது. நாக்கை அசைக்க முடிந்தது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்ற உணர்வு இல்லாததால் சொற்கள் வழுக்கின. எல்லாவற்றுக்கும் மேலாக ழகரம். நாக்கின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடுவதில் ரகரமும் ழகரமும் பிறக்கின்றன என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்கிறது. வருடுவது வருடுகிற நாக்குக்கே தெரியவில்லை என்றால்? பரவை என்றால் தமிழ்நாட்டுக்கு நினைவு வருவது முனியம்மா பாட்டியின் குரல். 2003இல் வந்த 'தூள்' படத்தில் ஊரையே எழுப்பி, 2020இல் அடங்கிய குரல். அப்பேர்ப்பட்ட ஊரில் எங்கள் நண்பர் ஏழு வாரம் கூட்டத்துக்கு வந்து வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார். எட்டாவது வாரத்தில் மிளகு ரசம் நாக்கின் அந்தப் பாதியில் சுரீரென்றது. அதன் பிறகு மெல்ல மெல்ல மீண்டார். அவருக்கு அறுவை செய்த மருத்துவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்படி நேரக்கூடும் என்று முன்னால் ஒரு வார்த்தை சொல்லப்பட்டிருந்தால் அந்த ஏழு வாரமும் வேறு விதமாய்க் கழிந்திருக்கும் என்கிறார் அவர்.

நாவுக்கு உணர்வளிக்கும் நரம்பு கீழ்த்தாடையின் உட்புற எலும்பை ஒட்டி, ஞானப்பல்லுக்கு வெகு அருகில் ஓடுகிறது. சிலருக்கு எலும்பின் விளிம்புக்கு மேலேயேகூட ஓடும். அதைத் துளைமுனையிலிருந்து காப்பதற்காக, உட்பக்க ஈற்றுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு தகட்டுக் கருவியைச் செருகி விலக்கிப் பிடிக்கும் முறை பிரிட்டனில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அந்தப் பக்கத்தைத் தொடாமல் கன்னப் பக்கத்திலிருந்தே வேலையை முடிப்பது மற்றொரு முறை. இரண்டையும் ஒப்பிட்டபோது, தகட்டைச் செருகியவர்களிடம்தான் நாக்கின் தற்காலிக மரப்பு அதிகமாக இருந்தது. காக்க நுழைந்த கருவியே நரம்பை இழுத்துவிடுகிறது. தாடை எலும்புக்குள்ளேயே ஓடும் இன்னொரு நரம்பு உண்டு. கீழுதடுக்கும் மோவாய்க்கும் உணர்வு தருவது அது. பல்லின் வேர் அதைத் தழுவிக்கொண்டிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தால், மகுடத்தை மட்டும் வெட்டி எடுத்து வேரை அங்கேயே விட்டுவிடும் முறையும் இருக்கிறது. பிடுங்குதல் என்ற சொல்லுக்குள் இது எங்கே அடங்கும்?

கடைசியாகத் தையல். காயம் என்றால் இறுக்கித் தைத்து மூடுவதே நல்லது என்பது நமது பொதுப்புத்தி. இங்கே அது பலிப்பதில்லை. ஈற்றை முழுக்க மூடாமல் சிறு திறப்பு விட்டுத் தைத்தவர்களுக்கு முதல் நாள் வலியும் பின்னர் வீக்கமும் குறைவு என்றே சோதனைகள் காட்டின. உள்ளே ஊறும் நீருக்கு வடிய வழி வேண்டும், வழியில்லாதது வீங்கும் என்பது காரணமாகக் கருதப்படுகிறது. வடிகால் இல்லாத வயலைப் பார்த்த எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனைகளையெல்லாம் காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு 2014இல் தொகுத்து மதிப்பிட்டது. 2020இல் அதை விரிவாக்கியது. விரிவாக்கிய தொகுப்பில் 62 சோதனைகள், 4,643 பேர். இவ்வளவு பேரைச் சேர்த்துப் பார்த்தும் தொகுத்தவர்கள் தந்த தீர்ப்பு அடக்கமானது: பெரும்பாலான முடிவுகளின் உறுதி குறைவு, சிலவற்றில் மிகக் குறைவு. சோதனைகள் பல சிறியவை, நடத்திய விதத்திலும் குறைகள் உண்டு. ஆகவே மேலே நாங்கள் எழுதியவற்றை வாசகர்கள் சட்டமாகக் கொள்ள வேண்டாம். பல்லின் ஆழம், வேரின் வளைவு, வயது, அறுவை நீடித்த நேரம், கையின் அனுபவம் இவையும் ஆறுதலைத் தீர்மானிக்கின்றன. தெரியாத முறையைப் புத்தகத்தில் பார்த்துச் செய்பவரைவிடத் தெரிந்த முறையைப் பழகிய கையால் செய்பவரே மேல். நாங்கள் பிடித்துக்கொள்வது ஒன்றைத்தான். அறுவைக்குப் பிந்திய நாட்கள் விதியும் அல்ல, முழுக்க நம் பொறுமையின் அளவும் அல்ல. அவற்றில் ஒரு பகுதி, ஊசி போடுவதற்கு முன்பே, எங்கே கீறுவது, எதை வெட்டுவது, எதைத் தொடாமல் விடுவது என்ற தீர்மானங்களில் எழுதப்பட்டுவிடுகிறது.

இதை மதுரைக்குப் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை, பல்லில் இல்லையென்றாலும் கண்ணில் இந்த ஊர் இதைப் பார்த்திருக்கிறது. கண்புரைக்குள்ளான வில்லையை முழுசாக எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்பிய காலத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். கண்ணாடி உடைந்தால் உலகம் உடைந்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் மடங்கிய விரல்களோடு, 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இக்கேள்வி ஆய்வாகவே கேட்கப்பட்டது. இரு கண்ணிலும் பார்வையிழந்த 3,400 பேரை இரண்டாகப் பிரித்து, பழைய முறையையும், வில்லையின் உறையை விட்டு உள்ளே செயற்கை லென்ஸ் வைக்கும் முறையையும் ஒப்பிட்டார்கள். முடிவுகள் 1998இல் வெளியாயின. எத்தனை எழுத்து படிக்க முடிகிறது என்று பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அன்றாடக் காரியங்களைச் செய்துகொள்ள முடிகிறதா, வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று நோயாளியையே கேட்டார்கள். லென்ஸ் வைத்துக்கொண்டவர்கள் அதிகம் மேம்பட்டிருந்தார்கள். அதே குழுமத்தின் ஆரோலாப் 1992இலேயே லென்ஸைக் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கியிருந்தது. இன்று எங்கள் தெருவில் கண் அறுவைக்குப் போகும் பாட்டி 'தையல் இல்லாமத்தானே?' என்று கேட்டுவிட்டுப் போகிறார். நுட்பம் நோயாளியின் பேச்சுமொழிக்குள் வந்துவிட்டது. அதே பாட்டி பல்லுக்குப் போனால் 'பிடுங்கிருங்க சாமி' என்கிறார்.

பல்மருத்துவரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெளியே இருபது பேர் காத்திருக்கையில் ஒவ்வொருவருக்கும் மடல் வரைந்து விளக்க எவராலும் இயலாது. நாங்கள் பேசிய மருத்துவர் ஒருவர், 'கேட்டால் சொல்கிறோம், கேட்பவர்கள் எவ்வளவு ஆகும் என்பதை மட்டும்தான் கேட்கிறார்கள்' என்றார். நியாயமான மனக்குறை. கேட்க வேண்டிய முதல் கேள்வி, எடுக்கத்தான் வேண்டுமா என்பது. தொல்லை தராமல் கிடக்கும் ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிடும்படி பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2000த்தில் வழிகாட்டியது. எடுக்கத்தான் வேண்டுமென்றால் பிற கேள்விகள் வரும். வேர் நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? பல்லைப் பிளந்து எடுப்பீர்களா? நாக்குப் பக்கம் கருவி வைப்பீர்களா? தையலை எப்படிப் போடுவீர்கள்? எத்தனை நாள் கனமான வேலை கூடாது?

அந்தக் கடைசிக் கேள்வி எங்களில் சிலருக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. மாதச் சம்பளக்காரருக்கு வீக்கம் என்பது விடுப்பு விண்ணப்பம். சந்தையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவருக்கு அது கூலி. குனிந்து சுமை தூக்கினால் இரத்தம் மீண்டும் கசியலாம் என்பதால் முதல் சில நாட்கள் அவர் தூக்கவே கூடாது. மூன்று நாளா, பத்து நாளா என்பது அவர் வீட்டு அரிசியைத் தொடும் கேள்வி. ஒரு கீறலின் கோணமும் ஒரு தையலின் இறுக்கமும் அங்கே போய்த்தான் கணக்காகின்றன. ஆய்வுத் தாள்கள் வீக்கத்தை மில்லிமீட்டரில் அளக்கின்றன. கூலி நாட்களிலும் அளந்து சொன்னால் எங்களைப் போன்ற ஊர்களுக்குப் புரியும்.

எங்கள் குழுவில் ஆறாவதாக ஞானப்பல் அறுவைக்குப் போகவிருப்பவர் அந்த மூட்டைக்காரர்தான். முன்தினக் காய்கறிச் சீட்டின் பின்புறத்தில் மேற்படி கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனார். மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, அந்தச் சீட்டிலேயே பல்லை வரைந்து, எங்கே பிளக்கப் போகிறார் என்று கோடு போட்டுக் காட்டினாராம். வேர் நரம்பிலிருந்து தள்ளியே இருக்கிறது, ஒரு வாரம் சுமை வேண்டாம் என்றிருக்கிறார். சந்தையில் வரத்து குறையும் மாதமாகப் பார்த்து நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரைக்கும் வாரம் ஒரு நாள் கூலியை எடுத்து வைத்து வருகிறார்.